இடிந்த வீட்டுக்கு எந்தத் தூள் வாங்குவது?

கேள்வி: 1945 பெர்லின் வீதி ஒன்றை 1/35 அளவில் டயோரமாவாக (சிறு காட்சி மாதிரியாக) செய்கிறேன். இணையத்தில் வாங்கிய ‘1/35 செங்கல்’ ஒவ்வொன்றும் 10 மி.மீ. நீளம், சிப்பாய் பொம்மைக்கு அருகில் பூதாகரமாகத் தெரிகிறது. கைவினைப் பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார் விற்றவர். (திருச்சி வாசகர்)

பதில்: உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. அக்கால ஜெர்மானியச் செங்கல் 250 மி.மீ. நீளமும் 65 மி.மீ. உயரமும் உடையது; 35-ஆல் வகுத்தால் நீளம் 7 மி.மீ.யைச் சற்றே தாண்டும், உயரம் 2 மி.மீ.யைக்கூட எட்டாது. உங்களுக்கு வந்த கல்லின் அசல் நீளம் ஓரடிக்கும் மேல். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். கைவினை என்பதால் அது விலக்காகிவிடாது. அளவுகோலோடு கல்லைப் படமெடுத்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதன்பின் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்ச ரூபாய் வரை கட்டணமே இல்லை.

கேள்வி: தெர்மாகோல் சுவரில் ஸ்பிரே பெயின்ட் அடித்தேன், சுவர் கரைந்துவிட்டது. கடைக்காரரிடம் பணம் கேட்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: முடியாது. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்னும் என்பதை ஒரு துண்டில் அடித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கேள்வி: செங்கல் தூசு, கரி, சுண்ணாம்பு என்று சிறு புட்டிகளில் விற்கும் வெளிநாட்டு பிக்மென்ட் (கரையாத நிறமி) தூள்கள் கொடுக்கும் விலைக்குத் தகுமா? (மதுரை வாசகி)

பதில்: நல்ல நிறுவனத்தின் மூடி பிரிக்காத புட்டி தகும், ஆனால் இங்கே பலரும் விற்பது பெரிய பொட்டலத்தில் வாங்கிச் சின்னப் புட்டியில் கொட்டி, கையால் பெயரெழுதி ஒட்டிய சரக்கு. இறக்குமதிப் பொருளின் உறையில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரான நாடு ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. இவை இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். அப்படி நான் வாங்கிய ‘செங்கல் தூசு’, அதை ஒட்டவைக்க விட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால் பட்டதும் வெள்ளைப் பூச்சுச் சுவர் முழுவதும் ரோஜா நிறமாக ஊறிப் பரவியது. அதிலிருந்தது வெறும் சாயம். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை வைத்து ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்: பிக்மென்ட் இருந்த இடத்திலேயே படியும், சாயம் வளையமாக விரியும். உடைந்த செங்கல்லை இடித்து மெல்லிய துணியில் சலித்தாலே அசல் தூசு கிடைக்கும். கரிக்கும் சிமென்ட் நிறத்துக்கும் சாஃப்ட் பேஸ்டலை (உலர்ந்த வண்ணக் குச்சியை) பிளேடால் சுரண்டிக்கொள்ளலாம். ஆயில் பேஸ்டல் தூளாகாது. முகக்கவசம் அவசியம்.

கேள்வி: தூள் தூவியபின் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடிக்கட்டுமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம், தூளில் பாதி மறைந்துவிடும்.

கேள்வி: தனுஷ்கோடி தேவாலய இடிபாட்டைச் செய்ய, பாசி நிறப் பெட்டி ஒன்றை ஆர்டர் செய்திருக்கிறேன். போதுமா? (இராமநாதபுரம் வாசகர்)

பதில்: இத்தனை அருகில் இருந்துகொண்டு, நேரில் போய்ப் பார்க்காமல் பெட்டியை வாங்குவானேன்? 1964 டிசம்பர் புயலில் சிதைந்த அந்தச் சுவர்கள் பவளக் கற்களால் ஆனவை. உப்புக் காற்றும் வெயிலும் மணலும் தின்ற பரப்பு அது. அதற்கு வேண்டியவை வெளிறிய சாம்பல், மணல் நிறம், துளைகளுக்குள் இறங்கும் நீர்த்த பழுப்பு வாஷ் (மெல்லிய வண்ணக் கரைசல்), அவ்வளவே. ஐரோப்பிய மழைக்கால இடிபாட்டுக்காகச் சேர்த்த பச்சைகள் அங்கே பொருந்தா. உறை பிரிக்காமல் இருந்தால் இன்றே திருப்பி அனுப்புங்கள்.