பதிவேட்டில் பிரசவம் இரட்டிப்பானால் திட்டம் வென்றதாகுமா?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனம் மூன்று ஆண்டுகளாக இருபது சுகாதார நிலையங்களுக்கு, பிரசவம், தடுப்பூசி எண்ணிக்கையைப் பார்த்து ஊக்கத்தொகை தருகிறது. பதிவேட்டின்படி பிரசவங்கள் இரட்டிப்பாகிவிட்டன. திட்டத்துக்கு முன் கணக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை. நிதி தருபவர்கள் ஆறு மாதத்தில் மதிப்பீட்டு அறிக்கை கேட்கிறார்கள். ‘திட்டத்தின் பலனை நிரூபித்துத் தருகிறோம்’ என்று ஓர் ஆலோசனை நிறுவனம் வந்திருக்கிறது. ஒப்பந்தம் போடலாமா?

பதில்: போடாதீர்கள். கணக்குப் பார்க்கும் முன்பே விடை சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் பதிவேட்டையே வாங்கிப் போய், வண்ண வரைபடமாக்கி, ‘வெற்றி’ என்று எழுதி உங்களிடமே விற்பார்கள். ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டியிருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கைக்குக் காசு என்றால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். ஏறியது பிரசவமா, எழுத்தா என்பதுதான் கேள்வி. ஒரு நிலையத்தில் நான் புரட்டிய பதிவேட்டில் மாதம் முழுக்க ஒரே மை, ஒரே கையெழுத்து. ஒரு குழந்தைகூட நள்ளிரவில் பிறந்திருக்கவில்லை. அந்தச் செவிலியரைக் குறை சொல்லிப் பயனில்லை, நாடுகளே அப்படித்தான். கூடுதலாகத் தடுப்பூசி பெறும் குழந்தைக்குத் தலா 20 டாலர் என்று ‘காவி’ எனும் பன்னாட்டுத் தடுப்பூசிக் கூட்டணி கொடுத்தது. அரசுகள் காட்டிய உயர்வில் ஏறக்குறைய பாதிதான் வீட்டுக் கணக்கெடுப்புகளில் தென்பட்டது என்று 2008இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது.

இன்னொன்று, ஒப்பீடு. மூன்று ஆண்டில் சாலை வந்திருக்கும், ஆம்புலன்ஸ் வந்திருக்கும். திட்டம் இல்லாத நிலையங்களிலும் பிரசவம் கூடியிருந்தால்? ருவாண்டாவில் 2006 முதல் 166 நிலையங்களில் இதை ஒழுங்காகச் செய்தார்கள். ஊக்கத்தொகைத் திட்டத்தில் சேராத நிலையங்களுக்கும் அதே அளவு பணத்தை நிபந்தனையில்லாமல் கொடுத்துவிட்டு ஒப்பிட்டார்கள். நிலையப் பிரசவம் 23 சதவீதம் கூடியிருந்தது. எல்லாத் தடுப்பூசிகளையும் போட்டு முடித்த குழந்தைகளின் அளவு கூடவில்லை. ஒரே திட்டம், ஒன்றில் பலித்தது, மற்றதில் பலிக்கவில்லை.

முன்பு கணக்கெடுக்கவில்லையே, இனி வழியில்லையா என்றால், ஒன்று இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள். தன் பிள்ளை எங்கே பிறந்தது என்பதை எந்தத் தாயும் மறப்பதில்லை. உங்கள் நிலையங்களைச் சுற்றியும், திட்டம் இல்லாத நிலையங்களைச் சுற்றியும் வீடு வீடாகப் போய், கடந்த ஆறு ஆண்டுகளில் பிறந்த குழந்தை ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது என்று கேளுங்கள். முதல் மூன்று ஆண்டுகள் திட்டத்துக்கு முந்தியவை. நீங்கள் தவறவிட்ட கணக்கு அதிலிருந்து கிடைத்துவிடும். பிறந்த தேதியைத் தடுப்பூசி அட்டையைப் பார்த்து எழுதுங்கள். இறந்துபோன குழந்தைகளைப் பற்றியும் பக்குவமாகக் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள். இடையில் குடிவந்தவர்களைத் தனியே குறியுங்கள். அந்த முதல் மூன்று ஆண்டுகளில் இரு பக்கமும் ஒரே போக்கில் போயிருந்தால்தான் பிந்தைய வித்தியாசத்தைத் திட்டத்தின் கணக்கில் எழுதலாம். இந்த வழி பிரசவம் நடந்த இடத்துக்கு மட்டுமே. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் எத்தனை முறை பார்த்தார்கள் என்று ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டால் வருவது ஊகம்தான்.

தாய்மார் இறப்பு குறைந்தது என்று அறிக்கையில் வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். இருபது நிலையங்களில் அந்த எண்ணிக்கை மிகச் சிறியது. ஓர் இறப்பு கூடினால் குறைந்தால் சதவீதமே புரண்டுவிடும்.

திட்டம் மூன்று ஆண்டு ஓடிய பிறகு ஆறு மாதத்தில் மதிப்பீடு கேட்கிறார்களே, தொடங்கும்போது அதற்கு ஒரு காசு ஒதுக்கினார்களா? மெக்சிகோவில் 1997இல், ஏழைக் குடும்பங்களுக்குப் பண உதவி தரும் ‘ப்ரோக்ரேசா’ திட்டம் தொடங்கியபோது 506 கிராமங்களில் 320க்கு முதலில், மற்றவற்றுக்குப் பிறகு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். காத்திருந்த கிராமங்களே ஒப்பீட்டுக்கு உதவின. நீங்களும் அடுத்த கட்ட விரிவாக்கத்தை இப்படிச் செய்ய நிதி தருபவர்களிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

ஒப்பந்தம் யாருடன் போட்டாலும், முடிவு எப்படி வந்தாலும் அதே கட்டணம் என்றும், திரட்டிய விவரங்கள் உங்களுக்கே சொந்தம் என்றும் எழுதி வாங்குங்கள். அதற்கு முன், பதிவேட்டிலிருந்து ஐம்பது தாய்மார் பெயரைக் குலுக்கி எடுத்து வீடு தேடிப் போகச் சொல்லுங்கள். தயங்குகிற நிறுவனத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.