உலகிலேயே பெரிய மலைத்தொடர் இமயமா, ஆண்டிஸா?

மலையே இல்லாத ஊர்க்காரன் சொல்கிறேன். பாம்பனில் வளர்ந்த எனக்குச் சிறுவயதில் மலை என்றால் ராமேஸ்வரத்தின் கந்தமாதன பர்வதம்தான். பெயரில்தான் பர்வதம்; ஏறிப் பார்த்தால் மணல்மேடு. தீவிலேயே உயரமான இடம் அதுதான் என்பதால் மரியாதைக்குக் குறைவில்லை.

உயரத்தை வைத்துக் கேட்டால் பேச்சே இல்லை, இமயம்தான். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய 14 சிகரங்களும் இமயத்திலும் அதை ஒட்டிய காரகோரத்திலும் இருக்கின்றன. தென் அமெரிக்காவில் ஓடும் ஆண்டிஸின் மிக உயர்ந்த சிகரம் அக்கோன்காகுவா 6,961 மீட்டரோடு நின்றுவிடுகிறது. நீளம் என்றால் ஆண்டிஸ் சுமார் 7,000 கி.மீ., இமயம் சுமார் 2,400 கி.மீ.

நீளத்தில் ஒரு வம்பு உண்டு. தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? மேற்கே நங்க பர்வதம், கிழக்கே நம்சா பர்வா என்பது இமயத்துக்கு வழக்கமான எல்லை. காரகோரத்தையும் இந்துகுஷையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு மாறும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 1,600 கி.மீ. என்று படித்தோமே, நடுவில் பாலக்காட்டில் சுமார் 30 கி.மீ. மலை அறுந்து கிடக்கிறது. அந்த இடைவெளியையும் மலைக் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள்!

என்னைக் கேட்டால், சரியான விடை கடலுக்கு அடியில் இருக்கிறது. அப்பா ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, இழுக்கும்போது இரு கைகளையும் விரித்து விரித்துப் பாகக் கணக்கில் ஆழத்தை எண்ணுவார். குண்டில் ஒட்டி வந்தது சேறா மணலா என்று விரலால் தேய்த்துப் பார்த்த பிறகே வலையை விடுவார். இப்போது விசைப்படகில், ஒலியை அனுப்பி எதிரொலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் வந்துவிட்டது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். தரையில் பட்டுத் திரும்ப இரண்டு நொடி ஆனால் ஆழம் 1,500 மீட்டர்.

கப்பல்கள் இப்படி எடுத்த அளவுகளை வைத்துத்தான் 1950களில் அமெரிக்கக் கடலடி ஆய்வாளர்கள் மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் அட்லாண்டிக்கின் அடித்தரையை வரைந்தார்கள். அங்குள்ள மலைத்தொடரின் உச்சியை ஒட்டி ஒரு பிளவு ஓடுகிறது என்று தார்ப் காட்டியபோது, ‘பெண்பிள்ளைப் பேச்சு’ என்று ஹீசன் முதலில் ஒதுக்கினார். பிளவு இருந்தது. அட்லாண்டிக்கோடு நிற்காமல் பெருங்கடல்கள் எல்லாவற்றிலும் ஓடும் அந்தக் கடலடி மலைத்தொடர், அதாவது நடுக்கடல் முகடு, மொத்தம் சுமார் 65,000 கி.மீ.; ஆண்டிஸைப் போல ஒன்பது மடங்கு. அரபிக்கடல் பக்கம் ஓடும் கார்ல்ஸ்பர்க் முகடும் அதில் ஒரு துண்டுதான்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அவ்வளவு பெரிய மலை ஓரிடத்தில்கூடவா தண்ணீருக்கு மேல் தலைகாட்டவில்லை?” என்று கேட்டார். காட்டியிருக்கிறது, ஐஸ்லாந்தில்.