சொந்தமா ஒரு கோட் ஆஃப் ஆர்ம்ஸ் (ஷீல்டுல வரையற அடையாளச் சின்னம்) டிசைன் பண்ணணும், ஹெரால்ட்ரி (இந்தச் சின்னங்களுக்கான விதிமுறை) மரபுப்படி எப்படிப் பண்றது?

கேட்டவர் என்னை மாதிரி கனடாலயோ இங்கிலாந்துலயோ இருக்கீங்கன்னு நினைக்கிறேன், மாலுல "உங்க குடும்பச் சின்னம்"னு விக்கிற கடையைப் பார்த்திருப்பீங்க. தயவுசெஞ்சு அங்க மட்டும் போயிடாதீங்க. நான் போனேன். லாஸ்ட் நேம் கேட்டான், முருகேசன்னேன், கம்ப்யூட்டர்ல இல்ல, பரவால்ல ஸ்பெஷலா பண்றேன்னு ரெண்டு சிங்கம் போட்டு, கீழ லத்தீன்ல என்னமோ எழுதி, 80 டாலர் வாங்கிட்டான். முருகேசன் எங்கப்பா பேருங்க! என் பையனுக்கு லாஸ்ட் நேம் என் பேரு. அப்ப தலைமுறைக்கு ஒரு குடும்பமா? பாஸ்போர்ட் எடுத்த நாள்லேர்ந்து இதே ரோதனை, ஏர்போர்ட்ல, டாக்டர் கிட்ட, எங்க போனாலும் அப்பா பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடறாங்க, அதுவும் "முருகீசான்"னு.

அப்புறம் படிச்சா, இங்கிலீஷ் மரபுல ஆர்ம்ஸ் ஒரு ஆளுக்குக் குடுக்கறது, அவர் வாரிசுக்குப் போகும், அதே லாஸ்ட் நேம் இருக்கற எல்லாருக்கும் கிடையாது. கிரெஸ்ட்ங்கறதும் ஹெல்மெட் மேல நிக்கற உருவம் மட்டும்தான், மொத்தத்துக்கும் அந்தப் பேர் இல்ல.

சரி, நானே வரைஞ்சேன். சிவப்பு ஷீல்டு, அதுல பச்சைப் பனைமரம், கருப்புத் தறி, மூலையில மேப்பிள் இலை, பையனோட ஹாக்கி மட்டை. ஆபீஸ்ல இதுல ஆர்வமுள்ள ஒரு பெரியவர் பார்த்துட்டு, பத்தடி தள்ளி வெச்சு என்ன தெரியுதுன்னார். ஒண்ணும் தெரியல. அங்கதான் விஷயமே இருக்கு. தங்கம், வெள்ளி ரெண்டும் உலோகம், சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு, ஊதா எல்லாம் நிறம். நிறத்து மேல நிறம் கூடாது, உலோகத்து மேல உலோகம் கூடாது. சண்டையில தூரத்துலேர்ந்து பார்த்தாலும் ஆள் தெரியணும்ல. நீலத்துல ஒரே ஒரு தங்கப் பட்டை, அது யாருதுன்னு 1385ல ஸ்க்ரோப், க்ராஸ்வெனார்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச கேஸ் வருஷக்கணக்கா ஓடிச்சு, கவிஞர் சாஸர் வந்து சாட்சி சொன்னார். அவ்ளோ சிம்பிளான டிசைனுக்கு!

எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நீலத்துல மூணு தங்க நாடா (தறியில குறுக்கு நூலைக் கொண்டு போற நாடாங்க, ரிப்பன் இல்ல), மேல ரெண்டு கீழ ஒண்ணு. "அஸூர், த்ரீ ஷட்டில்ஸ் ஓர்" (அஸூர்னா நீலம், ஓர்னா தங்கம்), நாலே வார்த்தை. இப்படி வார்த்தையில சொல்றதுக்குப் பேரு பிளேசன், அதைப் படிச்சு எந்த ஓவியர் வரைஞ்சாலும் செல்லும். வலது இடதுன்னு வந்தா ஷீல்டைப் பிடிச்சிருக்கறவரோட வலது இடது, பார்க்கறவங்களோடது இல்ல, நான் இதுல ரெண்டு தடவை ஏமாந்தேன்.

ஜாதிப் பெருமை, வெள்ளைக்காரன் மோகம்னு கமெண்ட்ல வர்றவங்களுக்கு: எங்கப்பா குமாரபாளையத்துல கூலிக்குத் தறி ஓட்டினவர், இதுல ராஜா பரம்பரைக் கதை எதுவும் இல்ல.

முறைப்படி வேணும்னா கனடால 1988லேர்ந்து ஹெரால்டிக் அத்தாரிட்டி இருக்கு, குடிமக்கள் பெட்டிஷன் போடலாம், ஃபீஸ் உண்டு. இங்கிலாந்துன்னா காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்ங்கற அமைப்பு, செலவு ஆயிரக்கணக்கான பவுண்டு. ஸ்காட்லாந்துல மட்டும் பதிவு பண்ணாம நீங்களா போட்டுக்காதீங்க, அங்க அது சட்டப்படி குத்தம், லார்ட் லயன்ங்கற அதிகாரியோட தனிக் கோர்ட்டே அதுக்கு இருக்கு.

நான் இன்னும் பெட்டிஷன் போடல. வீடியோ கால்ல அப்பாகிட்ட காட்டினேன், கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நாடாவுல தார் எங்கடா, வெறும் நாடாவ ஓட்டி என்னத்த நெய்வ"ன்னுட்டார் (தார்னா நாடாவுக்குள்ள வெக்கற, நூல் சுத்தின குச்சி). இப்ப உள்ள சிவப்புல தார் வரைஞ்சிட்டிருக்கேன், தங்கத்து மேல சிவப்பு, ரூல் படி ஓகேதான்.