24 மாத ஒப்பந்தத்தை நம்பி 240 மாதக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து கிளப் ஒன்றில் நடுக்கள வீரராக இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய். அப்பா பாளையங்கோட்டையில் மனை பார்த்து 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மனை, வீடு எல்லாம் சேர்த்து 45 லட்சம் ஆகும், 30 லட்சம் வங்கிக் கடன் வாங்கலாம் என்கிறார். மாதம் 26,000 ரூபாய் தவணை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வாங்கலாமா? பி.ஏ.வில் இரண்டு அரியர் பாக்கி இருக்கிறது.

பதில்: இப்போது வேண்டாம். 8.5% வட்டியில் 30 லட்சத்தை 20 ஆண்டில் அடைத்தால் தவணை நீங்கள் சொன்ன 26,000தான். அதை இன்றைக்கு நீங்கள் சுலபமாகக் கட்டுவீர்கள். 25-ஆவது மாதம் எதை வைத்துக் கட்டுவீர்கள் என்பதற்கு இப்போது யாரிடமும் பதில் இல்லை. நீங்கள் ஆடுவது ஆட்டத்துக்குப் பத்து, பதினோரு கிலோமீட்டர் ஓடவைக்கும் இடம். முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தால் அறுவையும் தேறுதலுமாக ஒன்பது மாதம் போய்விடும். அடிபடாமல் இருந்தாலும் ஆபத்து வேறு பக்கமிருந்து வரும். 2025-26 ஐ.எஸ்.எல். பருவம் வழக்கமான நேரத்தில் தொடங்காமல் தள்ளிப்போனபோது சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்திவைத்தன.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து, உங்களை ஊழியர் என்று எழுதியிருக்கிறார்களா, சேவை தருபவர் என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். பல வீரர்கள் இந்த வரியைப் படிப்பதே இல்லை. ஊழியர் என்றால் கிளப்பே சம்பளத்துக்கான வரியைக் கணக்கிட்டுப் பிடிக்கும். சேவை தருபவர் என்றால் 10% மட்டும் முன்பிடித்த வரியாக (டி.டி.எஸ்.) பிடித்துவிட்டு மீதியைத் தருவார்கள். 24 லட்சத்தில் 2.4 லட்சம் போயிற்று, வரி முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி 24 லட்சத்துக்கு வரி, செஸ் சேர்த்து 3,12,000 ரூபாய். இன்னும் 72,000 கட்ட வேண்டும். ஏஜென்ட் கமிஷன், பூட்ஸ், பிசியோ செலவு என்று 2 லட்சத்துக்கு ரசீது வைத்திருந்தால் வரி 2,60,000 ஆகக் குறையும், அப்போதும் 20,000 பாக்கி. இதை ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 தேதிகளில் முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும், தவறினால் வட்டி. காலாண்டுக்கு ஒருமுறை, உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியை வருமான வரித் தளத்தில் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் பாருங்கள். கிளப் உங்களிடம் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் இருந்தால் அங்கேதான் தெரியும்.

சேவை தருபவருக்கு இன்னொரு கண்ணி ஜி.எஸ்.டி. ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டியிருக்கும். 'ஜி.எஸ்.டி. தனியாகச் சேர்த்துத் தரப்படும்' என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் 18% உங்கள் 24 லட்சத்துக்கு உள்ளிருந்தே போகும். அதாவது சுமார் 3.66 லட்சம். இதை ஒரு பட்டயக் கணக்காளரிடம் காட்டி, கிளப்புடன் இந்த மாதமே பேசி எழுத்தில் வாங்குங்கள். பருவம் பாதி போனபிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அதே ஒப்பந்தத்தில் இன்னும் சில இடங்கள். அடிபட்டால் சம்பளம் முழுதாக வருமா? அறுவை யார் செலவு? ஒப்பந்தம் முடிந்தபின்னும் தேறுதல் தொடர்ந்தால் பிசியோவுக்கு யார் கொடுப்பார்கள்? வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக ஆட (லோனில்) அனுப்பினால் சம்பளம் எந்தக் கிளப்? இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்படியும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. வாட்ஸ்அப்பில் 'சார், சம்பளம் வரலை' என்று போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, மின்னஞ்சலில் தேதியோடு கேட்டுவையுங்கள்.

கிளப்பின் குழு மருத்துவக் காப்பீடு ஒப்பந்தத்தோடு முடியும். சொந்தமாக 10 லட்சத்துக்கு ஒன்று எடுங்கள், அப்பா அம்மாவுக்குத் தனி பாலிசி. தனிநபர் விபத்துக் காப்பீட்டில் கவனம் தேவை. தொழில்முறை விளையாட்டில் ஏற்படும் காயத்துக்குப் பணம் கிடையாது என்ற விலக்கு பல பாலிசிகளில் உண்டு. விண்ணப்பத்தில் தொழில் 'கால்பந்து வீரர்' என்றே எழுதுங்கள். ஏஜென்ட் 'பிசினஸ்னு போட்டுக்கலாம் தம்பி' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நஷ்டஈடு கேட்கும் நாளில் அதைத்தான் காரணம் காட்டி மறுப்பார்கள்.

இப்போது மிச்சப்படுத்துவது. வரி, கமிஷன், காப்பீடு, உங்கள் செலவு, வீட்டுச் செலவு எல்லாம் போக ஆண்டுக்கு 11 லட்சம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம் (ஜி.எஸ்.டி. உங்கள் தலையில் விழாவிட்டால்). உங்களுக்கும் வீட்டுக்கும் மாதம் 65,000 செலவு என்றால், சம்பளம் நின்றாலும் 12 மாதம் ஓட்ட 7.8 லட்சம் வேண்டும். முதலில் சேரும் பணம் இதற்கே. இரண்டு வங்கிகளில் குறுகிய கால வைப்பாகப் பிரித்துப் போடுங்கள், ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பு. பிறகு பி.பி.எஃப்.பில் (பொது சேமநல நிதி) ஆண்டுக்கு 1.5 லட்சம், மீதி பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில். என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) வேண்டாம். 33 வயதில் ஆட்டம் நிற்கக்கூடியவருக்கு முதுமைக்கால ஓய்வூதியத்துக்கான பூட்டு உதவாது.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது வேறு கிளப்புகளுடன் நீங்கள் கையெழுத்திடலாம். வீட்டுப் பேச்சை அப்போது எடுங்கள். அடுத்த ஒப்பந்தம் கையில் வந்துவிட்டால், கடனில்லாமல் மனையை மட்டும் வாங்கலாம். முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் 9% தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் பார்க்காமல் அடுத்த ரூபாயைக் கொடுக்கக்கூடாது. நடுவில் சித்தப்பா கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டால், முடியாது என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அது உங்கள் கடன் கணக்கிலும் ஏறும்.

அரியரை இந்த ஆண்டே முடியுங்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு உண்டு, ரயில்வேயும் விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்கிறது. சந்தோஷ் டிராபியில் மாநிலத்துக்கு ஆடியிருந்தால் அந்தச் சான்றிதழின் அசலை லேமினேட் செய்யாமல் பத்திரப்படுத்துங்கள். பருவ இடைவெளியில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.ஐ.எஃப்.எஃப்.) 'டி' லைசென்ஸ் முடித்துவிட்டால் பயிற்சியாளர் வேலைக்கு ஒரு படி ஏறியாயிற்று.

அப்பா கொடுத்த 50,000 திரும்புமா என்பது எழுதியிருக்கும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வெறும் ரசீது மட்டும் என்றால் தரகரிடம் பேசிப் பாதியாவது வாங்கப் பாருங்கள். வராவிட்டாலும், அதைக் காப்பாற்ற 30 லட்சம் கடனில் இறங்காதீர்கள்.