47 விழுக்காடு தேர்ச்சி என்றால் மோசமான பள்ளியா?

கேள்வி: வேலை நிமித்தம் அமெரிக்கப் பெருநகர் ஒன்றுக்குக் குடிபெயர்கிறோம். மகளை மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அலுவலகத்துக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கணிதத் தேர்ச்சி 47 விழுக்காடு. மாணவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்தினர். அதே மாநிலத்தின் புறநகர்ப் பள்ளி ஒன்றில் தேர்ச்சி 62 விழுக்காடு, ஆனால் அங்கே வாடகை மிக அதிகம். நகரப் பள்ளியைத் தவிர்ப்பதுதான் நல்லதா? வீட்டில் தமிழ் பேசுவதால் மகளைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்களா?

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பள்ளி நன்றாகக் கற்பிக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புறநகர்ப் பள்ளியில் நூற்றுக்கு 80 பேர் வசதியுள்ளவர்கள், 20 பேர் ஏழைகள் என்றும், முதல் பிரிவில் 70 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 30 விழுக்காட்டினரும் தேறுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தத் தேர்ச்சி 62 ஆகிறது. நகரப் பள்ளியில் இந்த விகிதம் தலைகீழாக இருந்து, வசதியுள்ளவர்களில் 75 விழுக்காட்டினரும் ஏழைகளில் 40 விழுக்காட்டினரும் தேறினால் மொத்தம் 47தான் வரும். இரு பிரிவினருக்கும் நகரப் பள்ளியே மேலாக இருந்தும் மொத்தக் கணக்கில் அது பின்தங்கிவிடுகிறது. உங்கள் இரு பள்ளிகளின் நிலையும் இதுவே என்று நான் சொல்லவில்லை. இப்படியும் இருக்கலாம் என்பதால்தான் பிரிவுவாரிக் கணக்கைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்கிறேன்.

அந்தக் கணக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் பள்ளிவாரியாக ரிப்போர்ட் கார்டு வெளியிட்டாக வேண்டும். வருமானம், இனம், ஊனம், ஆங்கிலம் கற்போர் எனப் பிரித்த தேர்ச்சி விவரமும், ஒரு மாணவருக்கு ஆகும் செலவும், அனுபவம் குறைந்த ஆசிரியர்களின் பங்கும் அதில் இருக்கும். வீடு விற்பனைத் தளங்களில் காணும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பீட்டை விட்டுவிட்டு இதையே படியுங்கள்.

குடும்பப் பின்னணிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. அமெரிக்க அரசுக்காக 6 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களை ஆராய்ந்த 1966ஆம் ஆண்டின் கோல்மன் அறிக்கையே அதை வலுவாகக் காட்டிவிட்டது. ஆகவே தேர்ச்சி விழுக்காடு, பிள்ளைகள் எந்த நிலையில் பள்ளிக்குள் நுழைந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நுழைந்த பின் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதை அறிய, அதே மாணவரின் மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று காட்டும் வளர்ச்சிக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். என் கருத்தில் முதலிடம் அதற்கே. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன் சிகாகோ அரசுப் பள்ளிகளின் 2009 முதல் 2014 வரையிலான தேர்வு முடிவுகளை ஆராய்ந்தபோது, மூன்றாம் வகுப்பில் தேசியச் சராசரிக்கு மிகவும் கீழே இருந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பை எட்டுவதற்குள், ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கான கல்வியைப் பெற்றிருந்தது தெரியவந்தது. தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் ஓர் ஆண்டின் வளர்ச்சி எண்ணை நம்பிவிடாதீர்கள். சிறிய பள்ளியில் சில மாணவர்கள் மாறினாலே அது ஏறி இறங்கும் என்பதால் மூன்றாண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்.

மாணவர் விவரங்களிலும் சில எண்கள் ஏமாற்றும். ஏழை மாணவர் விகிதத்தைப் பெரும்பாலும் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெறுவோரைக் கொண்டே கணக்கிடுகிறார்கள்; குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவசம், 185 விழுக்காடு வரை சலுகை விலை. ஏழைகள் மிகுந்த பள்ளிகள் எல்லா மாணவருக்கும் இலவச உணவு தரும் திட்டத்தில் சேரலாம். அப்படிச் சேர்ந்த பள்ளியில் 100 விழுக்காடு என்று பதிவாகியிருந்தால் அத்தனை பேரும் ஏழைகள் என்று பொருளில்லை. ‘ஆசியர்’ என்ற ஒற்றைக் கட்டமும் அப்படித்தான்: மென்பொருள் பொறியாளரின் மகளும் அகதியாக வந்த குடும்பத்தின் மகனும் அதற்குள் ஒன்றாகவே அடங்குகிறார்கள்.

பலரும் கவனிக்காத ஓர் எண் வருகைப்பதிவில் இருக்கிறது. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 180 நாள் கொண்ட ஆண்டில் 18 நாட்களையோ அதற்கு மேலோ தவறவிடுவோரின் விகிதம் அது. அது மிகுந்திருந்தால், ஆசிரியர் எவ்வளவு திறமையானவராயினும் பாடத்தை நிறுத்தி நிறுத்தி மீண்டும் தொடங்கவே நேரம் போய்விடும். பள்ளியைப் பார்க்கச் செல்லும்போது தலைமையாசிரியரிடம் இதையும், கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்பதையும் நேராகவே கேளுங்கள்.

மொழியைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினால், மகளுக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். அவள் அதில் தேறிவிட்டால் அதோடு முடிந்தது. தேறாவிட்டால் ஆங்கிலம் கற்போர் பட்டியலில் சேர்த்து, கூடுதல் மொழிப் பயிற்சி தருவார்கள். மற்ற மாணவர்களிடமிருந்து தேவையின்றிப் பிரித்து வைக்க விதிகள் இடம் தருவதில்லை. அந்தப் பயிற்சி வேண்டாம் என்று மறுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மறுத்தாலும், பட்டியலிலிருந்து வெளிவரும்வரை ஆண்டுதோறும் மொழித் தேர்வு எழுதியே ஆக வேண்டும். பயிற்சியை ஏற்பதே நல்லது என்பேன். எனவே படிவத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள்.