சீன வரலாற்றில் பட்டப்படிப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

லண்டனில் சீன மொழியும் வரலாறும் சேர்ந்த நான்கு வருட இளங்கலைப் படிப்பை முடித்தவள் நான். அதில் ஒரு வருடம் தைபேயில் கழிந்தது. வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

அக்கா, எனக்குச் சீனத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. சேரலாமா?

தாராளமாக. நானும் அப்படித்தான் சேர்ந்தேன். ஆனால் வரலாறு படிக்கப் போகிறோம் என்று வருகிறவர்களுக்கு முதல் வருடம் ஏமாற்றமாக இருக்கும். எழுத்து, எழுத்து, எழுத்துதான். பேச்சுச் சீனம் கொஞ்சம் வசப்பட்டதும் செவ்வியல் சீனத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். இன்றைய தமிழ் தெரிந்தவர் உரையில்லாமல் புறநானூற்றைத் திறந்த கதைதான். பழைய நூல்களில் நிறுத்தற்குறியும் கிடையாது. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எளிய எழுத்தா, பழைய எழுத்தா?

இரண்டும் வேண்டும். கோடுகளைக் குறைத்த எளிய எழுத்தை 1956இல் சீன அரசு கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களெல்லாம் பழைய எழுத்தில்தானே இருக்கும்?

வம்சங்களை வரிசையாக மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்களே?

வரிசை ஒரு வாரத்தில் வந்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தாங் வம்ச காலத்தில், 755இல், ஆன் லூஷான் என்ற தளபதி கலகம் செய்தார். கலகத்துக்குச் சற்று முன் அரசுப் பதிவேட்டில் சுமார் 5.3 கோடிப் பேர். 764இல் சுமார் 1.7 கோடி. நான் கழித்துப் பார்த்து, 3.6 கோடிப் பேர் செத்துப்போனார்கள் என்று கட்டுரையில் எழுதிவிட்டேன். ஆசிரியர் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, "எண்ணியது யார்?" என்று மட்டும் எழுதித் தந்தார். போரில் ஏராளமானோர் இறந்தது உண்மை. ஆனால் வரிக்காக ஆள் கணக்கெடுத்த நிர்வாகமே பல மாகாணங்களில் சிதைந்து போயிருந்தது. குறைந்ததில் பெரும்பகுதி, பட்டியலிலிருந்து நழுவியவர்கள். இந்தப் படிப்பில் நான் கற்றதில் முக்கால்வாசி அந்த வட்டத்துக்குள் இருக்கிறது.

தமிழ் தெரிந்திருப்பதால் ஏதாவது லாபம் உண்டா சகோதரி?

உண்டு. இலங்கையின் காலி நகரில் கிடைத்த, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். சீனாவின் மிங் பேரரசர் அனுப்பிய தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தோடு இலங்கைக்கு வந்த கல் அது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. சீனத்தை மட்டும் வாசிப்பவருக்கு மிங் பேரரசர் புத்த பக்தராக மட்டுமே தெரிவார். எங்கள் வகுப்பில் தமிழ்ப் பகுதியின் அச்சுப்படியை நேரடியாக வாசித்தது நான் ஒருத்திதான். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்திலும் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு.

இந்தியாவிலேயே படிக்க முடியாதா?

சாந்திநிகேதனில் 1937இல் தாகூர் தொடங்கிய சீன பவனம் இருக்கிறது. டெல்லி ஜே.என்.யூ.விலும் சீன மொழியில் இளங்கலை உண்டு. இவை முதலில் மொழிப் பட்டங்கள். வரலாற்றை நீங்களாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும்.

வேலை?

மொழிதான் சோறு போடும். மொழிபெயர்ப்பு, வணிக ஆய்வு, நூலகம் என்று வழிகள் உண்டு. ஆராய்ச்சிதான் குறி என்றால் முதுகலை, முனைவர் பட்டம் என்று நீளும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சேருவதற்கு முன் என்ன செய்யலாம்?

தினமும் ஐந்து எழுத்து, கோடுகளைப் போடும் வரிசை தப்பாமல், கையால் எழுதிப் பழகுங்கள். போனில் தட்டுவது கணக்கில் வராது.