ராத்திரி இரண்டு துண்டு டார்க் சாக்லேட்: தூக்கத்தைக் கெடுப்பது அதுதானா?

வாசகி ஒருவரின் கேள்வி: “தூக்கம் சரியாக வருவதில்லை என்று மாலை 5 மணி காபியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் 9 மணி வாக்கில், சாப்பாட்டுக்கு அப்புறம், 70 சதவீத டார்க் சாக்லேட் இரண்டு துண்டு சாப்பிடுவேன். அதிலும் காஃபின் இருக்கிறது, அதையும் விட்டுவிடு என்கிறார்கள். விட வேண்டுமா? 6 வயது மகளுக்குப் படுக்கும் முன் பாலில் இரண்டு மேசைக்கரண்டி கோகோ தூள் கலந்து கொடுக்கிறேன், அது பரவாயில்லையா?”

சாக்லேட்டை நீங்கள் விட வேண்டியதில்லை. மகளின் கோப்பையில் போவதைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் எல்லாரும் இதைத் தலைகீழாக நினைப்பதால் கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம்.

100 கிராம் டார்க் சாக்லேட்டில் (70 முதல் 85 சதவீத ரகம்) சுமார் 80 மில்லிகிராம் காஃபின் இருக்கும். பால் சாக்லேட்டில் அதே அளவுக்கு 20 தான். உங்கள் இரண்டு துண்டும் சேர்ந்து 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே போவது 16 மில்லிகிராம். ஒரு கோப்பை காபியில், அதாவது 240 மில்லியில், ஏறக்குறைய 95 இருக்கிறது. காஃபின் நீக்கிய காபி என்று விற்கிறார்களே, அதிலேயே கோப்பைக்கு 2 முதல் 15 மில்லிகிராம் வரை மிச்சம் இருக்கும், உங்கள் சாக்லேட் கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

இப்போது அந்த 5 மணி காபிக்கு வருவோம், எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். உடம்பில் போன காஃபின் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. அப்படியென்றால் 5 மணிக்குக் குடித்த 95 மில்லிகிராமில் ராத்திரி 10 மணிக்கு இன்னும் 47 போல ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அது 9 மணிக்குச் சாப்பிட்ட சாக்லேட் முழுவதிலும் இருப்பதைப் போல மூன்று மடங்கு. இந்த 5 மணி நேரமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. புகைபிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் கழிந்துவிடும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு நேரம் இழுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15 மணி நேரம் வரைகூடப் போகலாம். தலைவலிக்கு மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அட்டையின் பின்பக்கத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள், சிலவற்றில் மாத்திரைக்கு 65 மில்லிகிராம் காஃபின் சேர்த்திருப்பார்கள்.

சரி, சாக்லேட் சாப்பிட்டதும் ஒரு சுறுசுறுப்பு வருகிறதே என்பீர்கள். அதில் காஃபினைவிட அதிகம் இருப்பது தியோப்ரோமின், டார்க் சாக்லேட்டில் காஃபினைப் போலப் பத்து மடங்கு. இரண்டும் ஒரே குடும்பம். காஃபின் மூலக்கூற்றிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றினால் தியோப்ரோமின் கிடைக்கும், நாம் குடிக்கும் காஃபினில் ஒரு பகுதியை நம் கல்லீரலே அப்படி மாற்றுகிறது. ஆனால் மூளையை உசுப்பிவிடும் வேலையில் இது காஃபினுக்குப் பக்கத்தில்கூட வராது. மனிதர்களுக்குத்தான் இந்தச் சலுகை, நாய்க்கு இதே தியோப்ரோமின் விஷம், அதன் உடம்பிலிருந்து அது கழிய ரொம்ப நேரம் பிடிக்கும். வீட்டில் நாய் இருந்தால் டார்க் சாக்லேட்டையும் கோகோ தூளையும் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

உறையில் போட்டிருக்கும் சதவீதத்தை அப்படியே காஃபின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 70 சதவீதத்தில் கோகோ வெண்ணெயும் அடக்கம், காஃபினோ கொழுப்பு நீங்கிய பழுப்புப் பகுதியில்தான் இருக்கிறது. வெறும் கோகோ வெண்ணெயை வைத்துச் செய்யும் வெள்ளைச் சாக்லேட்டில் காஃபின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பதும், வெண்ணெயில் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்த கோகோ தூளில் 100 கிராமுக்கு 230 மில்லிகிராம் வரை ஏறிவிடுகிறது என்பதும் இதனால்தான். சாக்லேட் பூசிய காபிக்கொட்டையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது காபிதான்.

உங்கள் மகளின் பால் கோப்பை இங்கேதான் வருகிறது. இனிப்பு சேர்க்காத கோகோ தூள் ஒரு மேசைக்கரண்டி, தலை தட்டி எடுத்தால், 5 கிராம் சொச்சம், அதில் 12 மில்லிகிராம் காஃபின். இரண்டு கரண்டிக்கு 24. நீங்கள் சாப்பிடும் சாக்லேட்டைவிட இது அதிகம், அதுவும் உங்களில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இருக்குமோ என்னவோ, அந்தச் சின்ன உடம்புக்கு! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன அளவுப்படி குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை கவலையில்லை. 6 வயதுக் குழந்தை சுமார் 20 கிலோ இருக்கும், ஆக 60 மில்லிகிராம், அந்த வகையில் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் படுக்கும் நேரத்தை ஒட்டிக் கிலோவுக்கு 1.4 மில்லிகிராம் அளவில் எடுத்தாலே சிலருக்குத் தூக்கம் வரத் தாமதமாகலாம் என்றும் அதே ஆணையம் சொல்கிறது. 20 கிலோவுக்கு அது 28. உங்கள் இரண்டு கரண்டி அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கரண்டியைக் குவித்து எடுத்தால் தாண்டியும் விடும். 70 கிலோ பெரியவருக்கு இதே அளவு 98 மில்லிகிராம், உங்கள் 16 எங்கே அது எங்கே.

பாலைக் கொதிக்க வைத்தால் காஃபின் போய்விடும் என்று நம்பாதீர்கள், போகாது. ராத்திரிக்கு ஒரு தேக்கரண்டி கோகோ போதும், 4 மில்லிகிராம்தான் வரும், நிறமும் மணமும் ஓரளவு கிடைக்கும். இல்லையென்றால் கெட்டியான கோகோ பாலைப் பகலுக்கு மாற்றிவிடுங்கள். கடையில் விற்கும் இனிப்புச் சேர்த்த சாக்லேட் பானப் பொடியில் பெரும்பகுதி சர்க்கரை என்பதால் காஃபின் கோப்பைக்கு 5 மில்லிகிராம் போலத்தான் இருக்கும், ஆனால் சர்க்கரையும் பல்லும் தனிக் கதை, அதனால் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உங்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். சாக்லேட்டை அப்படியே வைத்துக்கொண்டு அந்த 5 மணி காபியை மட்டும் மதியம் 12 மணிக்குள் கொண்டுவந்து இரண்டு வாரம் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. அப்படியும் தூக்கம் வராமல், படுத்ததும் நெஞ்செரிச்சல் இருக்கிறதென்றால் அப்போது சாக்லேட் மேல் சந்தேகப்படலாம், காஃபினுக்காக அல்ல. உணவுக்குழாயின் அடிவாயை இறுக்கி மூடும் தசையைச் சாக்லேட் கொஞ்சம் தளர்த்திவிடும், வயிற்று அமிலம் மேலே ஏறும். அந்த இரண்டு துண்டைச் சாயங்காலமே சாப்பிட்டுவிடுங்கள்.